டூ கிளப்ஸுக்குப் பதில்

என் கணவர் வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தைத் தூளாக்கும் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கராக இருந்தார். வட்டவளையில் மழை பிடித்தால் விடாது. அந்த மழைக்கு நாங்கள் பிரிட்ஜ் சீட்டு ஆடினோம். பெரிய துரைக்கு உதவியாக இருந்த வெள்ளைக்காரச் சின்னதுரை ஒருவர், ஆட்டத்துக்கு ஆள் குறையும்போதெல்லாம் என் கணவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பழக்கிவிட்டிருந்தார். என் கணவர் வீட்டுக்கு வந்து எனக்குப் பழக்கினார். நானும் அவரும் ஒரு கட்சி, பெரிய கிளாக்கரும் அவர் மனைவியும் மறு கட்சி.

சீட்டுப் போட்டதும் ஏலம் நடக்கும். "டூ கிளப்ஸ்" என்று ஒருவர் தொடங்கினால், அவரிடம் கிளப்ஸ் என்கிற கிளாவர் சீட்டு இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஏஸும் ராஜாவுமாகக் கை நிறைந்து கிடக்கிறது என்று அர்த்தம். கூட்டாளி அதற்கு 'பாஸ்' சொல்லிவிடக் கூடாது. உருப்படியாக ஒன்றும் இல்லாவிட்டாலும் "டூ டைமண்ட்ஸ்" என்று சொல்லி வைக்க வேண்டும். என்னிடம் ஒன்றுமில்லை, நீங்களே மேலே சொல்லுங்கள் என்பதுதான் அதன் பொருள். எனக்கு வாய்த்த சீட்டுக்கு நான் சொன்னதெல்லாம் பெரும்பாலும் அதுதான். "என் பொண்டாட்டிக்கு வேற பாஷையே தெரியாதுங்க" என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்வார். சும்மா இருக்காத வாய்.

அந்த வாய் ஒருநாள் கோணிக்கொண்டது. தேயிலை ஸ்டோரில், வாடப்போட்ட கொழுந்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது பக்கம் விளங்கவில்லை. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்று: "டூ கிளப்ஸ்." பசித்தாலும் வலித்தாலும் அதுதான். எந்த வார்த்தை வாயில் தங்கும் என்பது நோயாளியின் கையில் இல்லை என்றார் டாக்டர்.

பெரிய கிளாக்கருக்கு அது புரியவில்லை.

"சீட்டு நெனப்பாவே இருக்காருங்க. ஒரு கை போட்டா மனசு ஆறிடும்" என்று மனைவியோடு சீட்டுக்கட்டும் கையுமாக வந்துவிட்டார்.

கட்டிலை ஒட்டி மேசையைப் போட்டோம். என் கணவருடைய சீட்டுகளை அவர் இடது கையில் செருகினேன். "டூ கிளப்ஸ்" என்றார். பெரிய கிளாக்கரின் முகம் மலர்ந்துவிட்டது. நானும் முறைப்படி "டூ டைமண்ட்ஸ்" என்றேன். மறுபடியும் "டூ கிளப்ஸ்". மறுபடியும் அதே. அவர் கைச் சீட்டெல்லாம் தரையில் கொட்டியது. பொறுக்கிப் பார்த்தேன். ஒரு ஏஸ் இல்லை, ஒரு ராஜா இல்லை. அவர் அழுதுகொண்டிருந்தார். இந்த மனிதர் எதையோ கேட்கிறார், அது சீட்டு இல்லை.

அதைக் கண்டுபிடிப்பதே என் வேலையாகிவிட்டது. தலைமாட்டில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். வெந்நீரா? றொசல்லப் பக்கம் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கணுமா? கோயிலுக்கு நேர்ந்தது ஏதும் இருக்கிறதா? இல்லை, இல்லை என்று தலையை ஆட்டுவார். அடுப்படியில் கைவேலையாக இருக்கும்போது கூப்பிட்டால், அங்கிருந்தே "டூ டைமண்ட்ஸ்" என்று குரல் கொடுப்பேன். கொஞ்சம் அடங்கும். திரும்பவும் தொடங்கும். நான் கண்டுபிடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

குரல் போகவில்லை. காரியம் முடிந்து நான் தனியாக இருந்த வீட்டில், அந்தி மழையோடு உள்ளறையிலிருந்து "டூ கிளப்ஸ்" என்று வரும். தகரத்தில் மழை விழுகிற சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னால் நிற்கும், பிறகு வரும். பயமாகத்தான் இருந்தது. என்ன கேட்கிறார் என்று தெரியாதது பயத்தைவிடக் கொடுமையாக இருந்தது.

குவாட்டர்ஸ் தோட்டத்துடையது. புதிய டீமேக்கர் வந்தார், நான் மகள் வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு சத்தமும் இல்லை. நிம்மதி வர வேண்டியதுதானே? வரவில்லை. அவர் அங்கேயே கூப்பிட்டுக்கொண்டு கிடக்கிறாரோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. விட்டுவிட்டு வந்த அம்மிக் குழவியைக் கேட்கிற சாக்கில் ஒருநாள் போனேன்.

புதிய டீமேக்கரின் மனைவி சின்னப் பெண். சீட்டைத் தொட்டதே இல்லையாம். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, சொல்வதா வேண்டாமா என்று நின்றாள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. அந்தி நேரத்துல உள்ரூம்ல யாரோ கூப்பிடுற மாதிரியே இருக்குங்க."

"என்னன்னு கூப்பிடுது?"

"வார்த்தை வெளங்கலைங்க. ஆளக் கூப்பிடுற மாதிரிதான்."

"நீ என்னா செய்வ?"

"'இந்தா வந்துட்டேங்க'ன்னு சொல்லிட்டு, செய்யிற வேலையப் போட்டுட்டுப் போயி அந்தச் சன்னல்கிட்ட கொஞ்ச நேரம் குந்தியிருப்பேங்க. அப்புறம் சத்தம் வராது."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் புருஷன் கூப்பிட்டால் போய் உட்கார இவள் யார்? கோபம் வந்த வேகத்திலேயே அழுகையும் வந்தது. அவர் கட்டில் கிடந்தது அந்தச் சன்னலோரம்தான். அவளிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போய் அங்கே உட்கார்ந்தேன். அந்தி வந்தது, மழையும் வந்தது. ரயிலுக்கு நேரமாகும் வரை இருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட பெண்டாட்டியை யார் கூப்பிடுவார்கள்?