இரண்டரை மணி வயிறு

மெட்ராஸுக்கு வந்த முதல் வாரம், மந்தைவெளி பஸ் நிலையத்துக்கு வெளியே ஓர் ஆட்டோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா வாத்யாரே, எங்க போவணும்?" என்று கேட்டார். நான் திகைத்துப்போனேன். யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காகக் கணக்குப் படிப்பித்தவன் நான் என்பது இந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? சட்டையில் இன்னும் சோக்குத்தூள் இருக்கிறதோ என்று தோளைத் தட்டிப் பார்த்தேன். மாலையில் காய்கறிக் கடைக்காரரும் வாத்யாரே என்றார். மறுநாள் சைக்கிளால் என்னை இடித்துவிட்டுப் போனவனும் திரும்பி, "பாத்து நட வாத்யாரே" என்றான். ஆசிரியர்களுக்கு இவ்வளவு மரியாதை உள்ள ஊரில் வேலை தேடுவது ஒரு பிரச்சினையே இல்லை என்று நம்பினேன். இங்கே கண்ணில் படுகிற ஆண்கள் எல்லோருமே வாத்தியார்தான் என்று விளங்குவதற்கு இரண்டு கிழமை எடுத்தது.

ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போல் பாதி வழியில் நிற்பவர்களுக்கும் என் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டு வயது துஷியும் ஐந்து வயது கபிலனும் என்னோடு மந்தைவெளியில், ஒரு மாடி அறையில். மனைவி சாந்தி கனடாவில், ரொறன்ரோவில். ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றான் ஏஜென்ட். என் முகத்தை எந்த விமான நிலையமும் நம்பாது என்பதால் அவள் போனாள். அங்கே அவளுக்கு வேலை இருக்கிறது, பிள்ளைகள் இல்லை. இங்கே எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலை இல்லை. இரண்டையும் ஒரே நாட்டில் வைப்பதற்கான பேப்பர் வரும்வரை, அவள் அனுப்புவது வாடகைக்குச் சரியாகப் போய்விடும். சோற்றுக்கு நான் உழைக்கவேண்டும். அதுவும் பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் உழைத்து முடிக்கவேண்டும்.

ஊரில் இப்படியொரு சிக்கல் இருப்பதே எனக்குத் தெரியாது. நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில்தான் துஷியும் படித்தாள். அவளை விடுகிற மணிதான் என்னையும் விட்டது. அவளுடைய விடுமுறைதான் என்னுடைய விடுமுறை. ஷெல் விழுந்தாலும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் லீவு. பிள்ளைகளின் நேரமும் தகப்பனின் நேரமும் வேறு வேறு என்று பெருங்குடியில் ஒரு கம்பெனியில்தான் முதன்முதலாக அறிந்தேன். கணக்கு எழுத ஆள் தேடிய அவர்களிடம், "பள்ளிக்கூட லீவுக்கு எனக்கும் லீவு தருவீங்களோ?" என்று கேட்டேன். மேனேஜர், "ஏன் சார், நீங்க எந்த கிளாஸ்?" என்றார். டியூஷன் சொல்லிக்கொடுக்கலாம் என்றால், ஊர்ப் பிள்ளைகள் டியூஷனுக்கு வரும் நேரம்தான் என் பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்கும் நேரம்.

பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் தயவில் கிடைத்ததுதான். டி.சி., பிறப்புச் சான்றிதழ் எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொண்ட தலைமை ஆசிரியை, நான் இரண்டாவது தடவை பிந்திப் போனபோது வாசலிலேயே காத்திருந்தார். "இத பாருங்கோ, மூணு மணிக்கு மேல குழந்தைகளை வெச்சுண்டிருக்க எனக்கு ஆள் இல்லை. இன்னொரு தடவை லேட்டா வந்தேள்னா வேற ஸ்கூல் பாத்துக்கோங்கோ" என்றார். பாருங்கோ, பாத்துக்கோங்கோ என்று அந்த 'ங்கோ'வைக் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்து சிரிப்பும் வந்துவிட்டது. மிரட்டினால் சிரிக்கிற தகப்பனை அவர் அன்றுதான் பார்த்திருப்பார்.

கடைசியில் தி. நகரில் ஒரு பாத்திரக் கடையில் இடம் கிடைத்தது. எவர்சில்வர் பாத்திரங்களில் மெஷினால் பெயர் வெட்டுகிற வேலை. கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, எழுத்து குண்டு குண்டாக வந்தது. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. பதிவு, கையெழுத்து ஒன்றும் இல்லாததால் பொலிஸுக்கும் பயப்படத் தேவையில்லை. இதைவிடப் பெரிய வசதி, தினமும் இரண்டரை மணிக்கு முதலாளி என்னை விட்டதுதான். முதல் நாள் அவர் முன்னால் போய் நின்று, "ஐயா, நான் வெளிக்கிடப் போறன்" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. "ஐயோ, போங்க போங்க, நிக்காதீங்க" என்று கையை வீசினார். அடுத்த நாளும் அப்படியே. ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. மூன்றாவது வாரம் வீட்டிலிருந்து ஒரு போத்தல் ஓமத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு மாதுளம் ஓட்டுப் பொடி. "வெளிச் சாப்பாடு வேணாம் வாத்தியார், மோர் சாதமே சாப்பிடுங்க" என்றார். கீழ்வீட்டு ஃபோனில் சாந்தி பேசியபோது, இந்த ஊர் முதலாளிமாரின் மனசே தனி என்று சொல்லி அழவும் செய்தேன்.

மூன்று மாதம் இப்படிப் போனது. காலாண்டு லீவு தொடங்குவதற்கு முதல் நாள், கல்யாண வீடொன்றின் டம்ளர்கள் மலைபோல் குவிந்திருந்தன. எல்லாவற்றிலும் மணமக்கள் பெயர் வெட்டவேண்டும். இரண்டரைக்கு நான் எழும்பினேன்.

"வாத்தியார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் அடக்கிக்குங்க" என்றார் முதலாளி. "பார்ட்டி ஆறு மணிக்கு வண்டியோட வந்துடுவாங்க."

"அடக்கேலாது ஐயா."

"மனசு வெச்சா முடியும். ட்ரை பண்ணுங்க."

"மூண்டு மணி அடிச்சா ரெண்டும் வாசலிலை வந்து நிக்கும் ஐயா. அதுக்குப் பிறகு உள்ளுக்கை வைச்சிருக்கேலாது."

முதலாளி நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். "ரெண்டுமா?"

"ஓம் ஐயா. மூத்தது கொஞ்சம் பொறுக்கும். சின்னன்தான் அழத் துவங்கீடும்."

பக்கத்தில் பாத்திரம் எடைபோட்டுக்கொண்டிருந்த பாபு தராசை விட்டுவிட்டான். "இன்னாது, அழுவுமா? யோவ் வாத்யாரே, இன்னா சொல்லிகினு கீற நீ?"

"என்ரை பிள்ளையளைச் சொல்லுறன். பள்ளிக்கூடத்திலை போய்க் கூட்டவேணும்."

"அப்ப தெனம் வெளிக்குப் போறேன், வெளிக்குப் போறேன்னு சொல்லிகினு ஓடுனியே, அது?"

எங்கள் ஊரில் வெளிக்கிடுவது என்றால் புறப்படுவது என்று விளக்கினேன். இந்த ஊரில் வெளிக்குப் போவது என்றால் என்னவென்று பாபு விளக்கினான், கொஞ்சம் அதிகமாகவே விளக்கினான். குக்கர் வாங்க வந்த பெண்மணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்று மாதமாக இந்தக் கடையில் வயிற்றுப்போக்குக்காரனாகப் புகழ்பெற்றிருந்திருக்கிறேன். நானும் சிரித்தேன். விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது, இனி நிம்மதி என்று நினைத்தேன்.

முதலாளிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். "கொழந்தைங்களக் கூட்டிட்டு வரத்தானா? அதுக்கா தெனமும் கடைய விட்டுட்டு ஓடுனீங்க? வீட்ல பொம்பளைங்க இல்ல?"

"மனுசி கனடாவிலை, ஐயா."

"ஒரு ஆயாவ வெச்சுக்க வேண்டியதுதான? நம்ம கடைல எல்லாருக்கும்தான் கொழந்தைங்க இருக்கு. உக்காந்து முடிங்க."

நோயாளிக்குக் கிடைத்த கருணை தகப்பனுக்குக் கிடைக்கவில்லை. வயிறு சரியில்லாத ஆணைப் புரிந்துகொள்ளும் உலகத்துக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற ஆணைப் புரியவில்லை. உட்கார்ந்தேன். வெட்டினேன். மணமகன் பெயரில் ஒரு கொம்பு பிசகியது. ஆயாவுக்குக் கொடுக்கும் கூலிக்கு நானே ஆயாவாகப் போகலாம். சுவர்க்கடிகாரம் இரண்டு ஐம்பதைத் தாண்டியபோது மெஷினை நிறுத்திவிட்டு எழும்பினேன்.

"இப்ப போனா நாளைக்கு வர வேணாம்" என்றார், தலை நிமிராமல்.

போனேன். பஸ் லஸ் முனையில் ஒரு சாமி ஊர்வலத்துக்குப் பின்னால் நின்றுவிட்டது. இறங்கி ஓடினேன். பள்ளிக்கூட வாசல் பூட்டியிருந்தது. உள்ளே பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, "புள்ளைங்கல்லாம் அப்பவே போய்ட்சே" என்றார்.

ஊராக இருந்தால் பெயரைச் சொல்லிக் கத்தியிருப்பேன். இங்கே கத்தப் பயம். அந்த நாட்களில் வேறு மாதிரித் தமிழ் பேசுகிற ஆம்பிளை தெருவில் ஓடினாலே யாராவது நிறுத்தி விசாரிப்பார்கள். விசாரித்தால் நேரம் போகும். அதனால் வாயை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்தேன். கபிலனின் அழுகை கேட்கிறதா, "அப்பா எங்கை?" என்ற துஷியின் குரல் கேட்கிறதா என்று தெருத் தெருவாக நடந்தேன். ஒரு முனையில் இஸ்திரி வண்டி நின்றது. அதன் மறுபக்கத்தில் ஏதோ ஒரு சிறுமி, "யக்கா, இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே குந்திக்கிறோம்க்கா. எங்கப்பா வந்துகினே கீறாரு" என்று வாதாடிக்கொண்டிருந்தாள். இந்த ஊர்ப் பிள்ளை, பாவம், அதன் தகப்பனும் என்னைப்போல் ஒருவன்தான் என்று நினைத்தபடி கடந்து போனேன். அடுத்த தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, மறுபடியும் கடந்தேன்.

"அப்பா!" என்றது அதே குரல். "ஏன் இவ்வளவு பிந்தினீங்கள்? ரெண்டு தரம் எங்களைப் பாக்காமப் போறீங்கள்!"

துணி மூட்டையின் மேல் கபிலன் தூங்கிக்கொண்டிருந்தான். தலைமை ஆசிரியை கண்ணில் படக்கூடாது என்று தம்பியை இங்கே கூட்டிவந்ததாகச் சொன்னாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளையை நான் குரலால் தேடினேன். நான் தேடிய குரலை அவள் எனக்காக மட்டும் வைத்திருக்கிறாள். மற்ற எல்லோருக்கும் அவளிடம் வேறு தமிழ் இருக்கிறது.

மறுநாள் லீவு. இரண்டு பேரையும் விட்டுப்போக இடமில்லை. வரவேண்டிய கூலியை வாங்குவதற்காகக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். டம்ளர்கள் அப்படியே கடையில் இருந்தன. நான் விட்டுப்போன மிச்சத்தை வேறு யாரோ வெட்டி முடித்திருந்தார்கள். பாதி ஒரு கை எழுத்து, பாதி இன்னொரு கை எழுத்தா என்று கல்யாண வீட்டார் சண்டை பிடித்து, மத்தியானம் வருவதாகச் சொல்லிப் போயிருந்தார்கள். முதலாளி என்னையும் பார்க்கவில்லை, கூலியையும் எடுக்கவில்லை. நான் தொண்டையைச் செருமினேன். எந்தச் சொல்லை எடுத்தாலும் இந்த ஊரில் அது வேறு எங்கோ போய் விழும் என்ற பயத்தில் நின்றேன்.

துஷி முன்னால் போனாள். "மாமா, எங்கப்பா காத்தால எட்டு மணிக்கே வந்துடுவாரு. ரெண்டரைக்கு எங்கள கூட்டினு போக விட்டுடுங்க. லீவுன்னா நாங்களும் வந்து ஒரு ஓரமா குந்திகினு இருப்போம். எதையும் தொட மாட்டோம்."

முதலாளி அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதத்தான் மூணு மாசமா சொல்லிட்டிருந்தீங்களா?"

"ஓம் ஐயா."

"எட்டு மணின்னா எட்டு மணி. ஷட்டர் தெறக்கறப்ப நிக்கணும்." கபிலனுக்குக் குந்த ஒரு கவிழ்த்த அண்டாவைக் காட்டினார். "பொண்ணு நல்லாப் பேசுதே. எந்த ஊரும்மா நீ?"

"மந்தைவெளி" என்றாள் துஷி.

"யாழ்ப்பாணம்" என்றேன் நான், அதே நேரத்தில்.

பாபு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னா வாத்யாரே, ஒரே வூட்லதான கீறீங்க?"

நான் ஒரு டம்ளரை எடுத்து மடியில் வைத்து மெஷினைப் போட்டேன். அது கத்தும்போது அந்தக் கடையில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்க முடியாது.