பட்டை நுனியில் ஒரு முடிச்சு

யேசுதாஸ் இடது கையைத் தண்ணீரில் நனைத்து, இடுப்பு பெல்ட்டின் சிவப்புக் குமிழை இழுத்துக்கொண்டிருந்தார். இழுத்தால் பக்கிள் திறந்து பெல்ட் கழன்று விழும். மாட்டி மறுபடி இழுப்பார். வலது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. மனைவி ஜானட்டைக் கடலிலிருந்து தூக்கியபோது அந்தத் தோள்மூட்டு விலகிவிட்டது. பிசியோதெரபிஸ்டான நான் அதற்குப் பயிற்சி கொடுக்கத்தான் தினமும் அவர் வீட்டுக்குப் போனேன்.

முகத்துவாரக்குப்பத்தில் இருவரும் சுற்றுலா வருபவர்களைக் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஓட்டக் கூட்டிப்போனார்கள். யாராவது களைத்தால், தன் இடுப்பு பெல்ட்டில் கயிறு மாட்டி அவர்கள் படகை ஜானட் இழுத்து வருவாள். போன மாதம் அப்படி இழுத்தபோது அலை அவளைக் கவிழ்த்தது. பெல்ட் அவளை விடவில்லை; மூழ்கி இறந்தாள்.

நான் போயிருந்த அன்றைக்கு மறுநாள் முதல், அம்மாவுக்குப் பதிலாக மகள் ஜெஸ்லின் கடலுக்குப் போவதாக ஏற்பாடு. நைலான் கயிற்றோடு வந்தாள்.

"பக்கிளு கழலாமதான அம்மா பூட்ச்சி. எனுக்கு கயிறே போதும் நைனா, இடுப்புல கட்டிக்கிறேன்."

"கயிறு வாணாம்."

"அந்த பிளாஸ்டிக் மேல இன்னா உனுக்கு அவ்ளோ லவ்வு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவருடைய வலது கை விரல்களை நீட்டி மடக்கத் தொடங்கியிருந்தேன், நிறுத்தவில்லை.

"அன்னிக்கு பக்கிளு கழண்டுச்சி. பட்டை நுனில நான் முடிச்சி போட்டுட்டேன்."

வலைத் தொழில் பழகிய கை. கயிற்று நுனியை வெறுமனே விடாது, உருவிக்கொள்ளாமல் முடிந்துவிடும். இந்தப் பெல்ட்டில் நுனி உருவினால்தான் பிழைக்கலாம்; குமிழை இழுத்ததும் பட்டை இழுவைக் கயிற்றின் வளையத்திலிருந்து நழுவ வேண்டும். முடிச்சு வளையத்தில் மாட்டிக்கொண்டது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவ மாட்டிக்கினு நின்னா. பின்னாலர்ந்து போட்டேன்."

ஜெஸ்லின் கயிற்றைக் கீழே வைத்தாள். "நான் மாட்டிக்க எந்த பெல்ட்டு, காட்டு" என்றாள். அங்கிருந்த பெல்ட்களில் குமிழ் பெரிதாக, எந்தக் கைக்கும் எட்டுவதாக இருந்ததை அவர் அவள் பக்கம் நகர்த்தினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை நானும் கூட நிற்க, கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவள் பெல்ட்டைச் சோதித்தாள். கயிற்றின் மறுமுனையை ஒருவர் பலமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். யேசுதாஸ் இடது கையை நீட்டினார். அவள் கயிற்றை என்னிடம் கொடுத்தாள்.

"நல்லா இழு அக்கா."

இழுத்தேன். அவள் மூன்று முறை குமிழை இழுத்தாள், மூன்று முறையும் கழன்றது. நான்காவது முறை பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலுக்குப் போனாள்.