மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஒரு துண்டு

பேய், பிசாசு என்று எவனாவது பேச்செடுத்தால் ஒர்க்‌ஷாப் வாசலோடு திருப்பி அனுப்புகிற ஆள் நான். ஏழாவதோடு படிப்பை விட்டு, சிங்காநல்லூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிச் சுற்றியே மூன்று மாடி கட்டியவனுக்கு எதற்குப் பயம்? நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய காலத்து ரயில்களைப் பார்த்து அச்சு அசலாகச் செய்த சாண் நீளப் பயணிகள் பெட்டிகளைச் சேர்ப்பது என் கிறுக்கு. மொத்தம் அறுபத்து மூன்று. கோவையில் வேறு எவரிடமும் இத்தனை கிடையாது, இருந்தால் காட்டட்டும். பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளப்பார்கள், சம்பந்தி ஒருவரைத் தவிர. மகளின் மாமனார், ஈரோட்டில் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வரும்போதெல்லாம், "பொம்மை வாங்கக் காசிருந்தாப் போதுமுங்க சம்பந்தி, ரயிலத் தெரியோணுமில்லீங்களா" என்பார். அவர் வாயால் ஒரு தடவை பாராட்டு வாங்கிவிட வேண்டும் என்பதுதான் எனக்கு வெறி.

போன ஆடி நோம்பிக்கு விருந்துக்கு வந்தவரிடம், புதிதாக வாங்கிய மூன்றாம் வகுப்பு மரப்பெட்டியைக் காட்டினேன். கூரை பசை போட்டு ஒட்டியது, திறக்க வராது; ஜன்னலில் ஊசி போலக் கம்பிகள், எறும்புகூட நுழையாது. லென்ஸை வைத்துப் பார்த்தவர் அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு, "ஜன்னலோர சீட்டுல துண்டு போட்டு எடம் பிடிச்சு வெச்சிருக்கறீங்களே. இதுதானுங்க நம்ம மூணாங்கிளாசு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள்தான் நானே லென்ஸில் பார்த்தேன், பலகை வெறும் பலகை. இப்போது எட்டிப் பார்த்தால் நகக்கண் அளவில் சிவப்புக் கரைத் துண்டு, அதுவும் ஈரம் காயாமல். உண்மையைச் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் காத்திருந்த பாராட்டு, விட மனம் வரவில்லை. "நாந்தானுங்க வெச்சேன்" என்றுவிட்டேன். கூரையைப் பிரிக்காமல் எப்படி வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, தொழில் ரகசியம் என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

அதிலிருந்து வாரம் தவறாமல் ரயிலேறி வந்துவிடுகிறார், ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு பழைய ரயில்வேக்காரரைக் கூட்டிக்கொண்டு. நானும் துண்டு வைத்த விதத்தைப் புதிது புதிதாக இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு லென்ஸை வைத்தவர் நெற்றியைச் சுருக்கினார். "ஏனுங்க சம்பந்தி, துண்ட எடுத்துப்போட்டீங்களா?"

நான் எடுக்கவில்லை. வைத்தவன் நான் என்று இத்தனை பேரிடம் சொல்லிவிட்டு, இல்லை என்று எந்த வாயால் சொல்வது? "ஆமாங்க" என்றேன்.

"அதானே" என்று சிரித்தார். "எடம் பிடிச்சவன் வந்து உக்காந்துட்டா, அப்பறம் துண்டு எதுக்குங்க?"

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். நான் மட்டும் இன்றுவரை அந்த ஜன்னல் பக்கம் லென்ஸைக் கொண்டுபோகவில்லை.