பித்தான் ஒட்டிய அட்டை

எங்கள் அலமாரியில், என் பட்டுப்புடவைகளுக்கு மேலே ஓர் அட்டை இருக்கிறது. டிவி வந்த பெட்டியிலிருந்து வெட்டியது. சுவர் வரவேண்டிய இடங்களில் சணல் கயிறு ஒட்டியிருக்கும், வாசலுக்கு இடைவெளி. ஒவ்வொரு கதவுக்கும் குண்டூசியில் சுழலும் ஓர் ஐஸ்கிரீம் குச்சி. அடுப்புக்கு ஒரு பெரிய சட்டைப் பித்தான். எங்கள் வீட்டின் உண்மையான பிளான் அதுதான் என்றால் யாரும் நம்புவதில்லை.

சர்க்கரை நோய் என் கணவரின் பார்வையைப் பறித்துக்கொண்ட வருடத்தில்தான் வீடு கட்டக் கிளம்பினோம். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் எங்கே போனாலும் முழங்காலை இடித்துக்கொண்டவர், கடைசியில் நாற்காலியை விட்டு எழுவதையே நிறுத்திவிட்டார். தாசேக் கெலுகோரில் வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் படியே இல்லாத வீடாகக் கட்டினால் மனிதர் மறுபடி நடப்பார் என்று நினைத்தேன். அங்கேயும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் கூடவே இருந்தது.

பிளான் போட்டுத் தந்த டிசைனர், என்னைவிடப் பத்து வயது இளைய பெண். கம்ப்யூட்டர் திரையில் அறைகளை நகர்த்தி நகர்த்திக் காட்டுவார். நானோ பாயான் பாரு தொழிற்சாலையில் ஓர் உற்பத்தி லைனையே மேய்க்கிறவள். என் வாயைக் கேட்கவா வேண்டும்? சாமி அறை இங்கே, வராந்தா அங்கே, மீன் பொரிக்கிற வாடை கூடத்துக்கு வராமல் சமையலறைக்கு முழுச் சுவர் என்று அடுக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். மூன்று முறை திருத்தியாயிற்று. அனுமதிக்காக நகராண்மைக் கழகத்துக்கு அனுப்புவதுதான் பாக்கி.

கையெழுத்துப் போடவேண்டிய நாளில் டிசைனர் காகிதங்களோடு இந்த அட்டையையும் கொண்டுவந்து, இவர் மடியில் வைத்தார். நான் வழக்கம்போல விளக்க ஆரம்பித்தேன்.

"அக்கா, கொஞ்ச நேரம் பேசாம இருங்க லா. அண்ணே பாக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் இவருடைய விரல்கள் வாசலில் நுழைந்து, கூடத்தைத் தாண்டி, படுக்கையறைக்குப் போய், குளியலறைக் கதவில் நின்றுவிட்டன. குச்சியை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார்.

"இது வெளிய தொறக்குதும்மா. யாராச்சும் பாதியில விட்டுட்டா என் மூக்கு போயிரும்."

கண் தெரிந்த நாங்கள் இருவரும் அதை யோசிக்கவே இல்லை. "ஸ்லைடிங் போட்டுக்கலாம் அண்ணே," என்று டிசைனர் குறித்துக்கொண்டார். விரல் மெல்ல நகர்ந்து பித்தானைத் தொட்டது. அதுதான் அடுப்பு என்று டிசைனர் சொன்னதும், அதைச் சுற்றியிருந்த கயிற்றை நிதானமாகத் தடவினார்.

"இந்தச் செவுரு வேணாம். இவ அடுப்பாண்ட நிக்கிறது எனக்குக் கேக்கணும். சத்தம் இல்லன்னா வீட்டுல யாருமே இல்லாத மாதிரி இருக்கு."

பார்வை போனபிறகு இவர் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. டிசைனர் மறுபேச்சில்லாமல் அந்தக் கயிற்றைப் பிய்த்தெடுத்தார். முடிந்துபோன வேலையை முதலிலிருந்து மறுபடி வரைந்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அவ்வளவு பொறுமை இருந்திருக்காது.

வீடு முடியும்வரை அட்டை இவர் மடியிலேயே கிடந்தது. பால் காய்ச்சிய அன்று யார் கையையும் பிடிக்காமல் உள்ளே போனார். வந்த சொந்தக்காரர்களுக்கு அவரே ஒவ்வோர் அறையாகக் காட்டினார். அன்று டிசைனரிடம் நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இலையில் போதும் போதும் என்னும்வரை சோற்றை அள்ளி அள்ளி வைத்தேன். சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போது மீன் பொரித்தால் கூடமெல்லாம் வாடைதான். நேற்று அலமாரியைத் துடைக்கும்போது அட்டையை எடுத்துக் கூடத்து மேசையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பார்த்தேன். வாசலில் நுழைந்துவிட்டேன், கூடத்தின் நடுவில் வழி தெரியவில்லை. வராந்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த இவர், அட்டையில் நகம் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி உரசும் சத்தத்தைக் கேட்டு நின்றார்.

"எடது பக்கம் வா. பித்தான் இருக்கும். அங்கதான் நீ நிக்கிற."