சந்துக்குள் கூடிய பெற்றோர் கூட்டம்

பிள்ளைகளின் படிப்பில் பெற்றோர் பங்கெடுத்தே ஆகவேண்டும் என்று ஒரு சுற்றுநிருபம் இருக்கிறது. பங்கெடுக்கிறோமா என்று மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, பாடசாலைக்குப் புள்ளியும் போடுவார்கள். என் மகளின் பாடசாலையில் இந்தப் பங்கெடுப்புக்குத் தலைவர் நான். தெரிவு நடந்த அன்று போன் அடித்ததால் வெளியே போனேன். திரும்பி வந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள்.

மகள் எட்டாம் வகுப்பு. மேல்மாடியில் பூட்டிக்கிடக்கும் அறையை நூலகமாகத் திறக்கவேண்டும் என்பதுதான் அவள் பேச்செல்லாம். வீட்டுச் சுவர் முழுக்க என் புத்தகங்கள் இருக்கின்றனவே என்றேன்.

"அதெல்லாம் தூசி தட்டத்தான் அப்பா. எங்களுக்கு வாசிக்கிற புத்தகம் வேணும்."

பாடசாலை அதிபருக்கும் விருப்பம்தான். ஆனால் பாதிப் பெற்றோராவது கூடிக் கையுயர்த்தினால்தான் தீர்மானம் செல்லும். மாத முடிவுக்குள் அது நடக்காவிட்டால், உடைந்த மேசைகளை அந்த அறையில் அடுக்கும்படி வலயக் கல்விக் கந்தோர் சொல்லிவிட்டது. உடைந்த மேசை ஓர் அறைக்குள் போனால் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

இரண்டு கூட்டம் வைத்தோம். இரண்டிலும் தேநீரோடு கொடுக்க வாங்கிய ரோல்ஸ்தான் மிஞ்சியது. வந்த சிலர் வராதவர்களைத் திட்டிவிட்டு, மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை பின்னேரத்தை நானே குறித்தேன். எல்லாருக்கும் ஓய்வான நேரமாம்.

அன்று ஓட்டோவில் மகள் கேட்டாள்: "இண்டைக்கும் ஆக்கள் வராட்டி?"

"வருவினம்."

"தலைவரே என்னை டியூசனுக்கெல்லோ கூட்டிப்போறார்."

உன்னை இறக்கிவிட்டு நேரே கூட்டத்துக்குத்தான் என்று சொல்லி முடிக்குமுன், டியூசன் நடக்கும் வெள்ளவத்தைச் சந்து வந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால், நான் தேடிய பெற்றோர் அத்தனை பேரும் அங்கேதான். மோட்டார்சைக்கிளில் சாய்ந்தும், மதிலில் குந்தியும், குடைக்குக் கீழேயும், கணித வகுப்பு முடியும்வரை காத்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் இந்த ஊரில் வேறெங்கே இருப்பார்கள்? நாள் குறித்த மேதைக்கு மட்டும் அது தோன்றவில்லை.

போன் அடித்தது. அதிபர்.

"சேர், இஞ்ச நானும் வாச்சரும்தான் இருக்கிறம்."

"மிஸ், ஆக்கள் எல்லாரும் இஞ்ச டியூசன் வாசல்ல நிக்கினம்."

"கலைய விடாதேங்கோ. வாறன்."

கணிதம் முடியாமல் அவர்கள் எங்கே கலைவது? கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வரும் ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: "மீட்டிங்குக்கு வரணும்னுதாங்க நெனப்பேன். கிளாஸ் விட்டா புள்ளைய யாரு கூட்டிக்கிட்டு போறது?"

அதிபர் ஓட்டோவில் வந்து இறங்கி, வாசல்படியில் ஏறி நின்று தீர்மானத்தை வாசித்தார்.

"றோட்டில கையைத் தூக்கினா செல்லுமோ மிஸ்?" என்றார் ஒருவர்.

"பெற்றோர் கூடவேணும் எண்டுதான் கிடக்கு. எங்க எண்டு இல்லை. தூக்குங்கோ."

"எங்கட அவருக்கும் சேர்த்து நான் ரெண்டு கையும் தூக்கவோ?" என்றார் ஒரு அக்கா. "வந்திருந்தாலும் நான் சொல்லித்தான் தூக்குவார்."

அதிபர் எண்ணினார். பாதிக்கு ஒரு கை குறைந்தது. மறுபடி எண்ணினார். அதே ஒன்று.

வாசலில் எழுந்த சத்தத்துக்கு டியூசன் மாஸ்டர் வெளியே ஓடிவந்தார். தூக்கிய கைகளைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. "சிலபஸ் முடியேல்லை எண்டுதானே? அடுத்த கிழமை முடிச்சுத் தாறன்!"

"உங்கட மகளும் எங்கட பள்ளிக்கூடம்தானே மாஸ்டர்?" என்றார் அதிபர். "ஒரு கூட்டத்துக்கும் நீங்கள் வாறேல்லை."

"எனக்கு எங்க மிஸ் நேரம்? உங்கட பிள்ளையளைத்தானே படிப்பிக்கிறன்."

விஷயம் சொன்னோம். எழுதிக்கொண்டிருந்த சோக்கட்டியோடு கையைத் தூக்கினார்.

மேல் ஜன்னல் கம்பிகளுக்கிடையே பிள்ளைகள் நெருக்கியடித்தார்கள். என் மகளின் குரல் எல்லாவற்றுக்கும் மேலால் வந்தது: "அப்பா, எண்ணி முடிஞ்சுது. கையை இறக்குங்கோ!"

திங்கட்கிழமை அறையைத் திறந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளிடம் உள்ளே என்ன இருந்தது என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை அப்பா," என்றாள், வாயெல்லாம் பல்லாக. "ஒரு மேசைகூட இல்லை."