சனிக்கிழமை ரொட்டி

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்று வளர்த்தது ஐந்து. பேரப்பிள்ளைகள் மூன்று பேரை வடக்கே இந்த மயூர் விஹார் வீட்டில்தான் தூக்கி வளர்த்தேன். ஒன்பதாவதாக வந்தவன் நாய். ஒன்பது பேருக்கும் என் கையால்தான் சோறு. என் சோற்றைத் தின்று யாரும் நோயில் விழுந்ததில்லை என்று நாய் டாக்டரிடமே சொன்னேன்.

அவனுக்கு அப்போது ஓயாத அரிப்பு. அடிவயிற்றில் முடி கொட்டித் தோல் சிவந்து கிடந்தது. ஊசி போட்டால் ஒரு மாதம் அடங்கும், மறுபடி கிளம்பும். டாக்டர் சின்னப் பெண். சாப்பாட்டில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டாள். காலையில் இட்லி, மத்தியானம் தயிர் சோறு, சாயங்காலம் கோழி, நடுவில் முட்டை, டீ நேரத்தில் பிஸ்கட் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் பேனா பாதியில் நின்றுவிட்டது.

"அத்தை, முறுக்கை விட்டுட்டீங்க" என்றாள் மருமகள்.

எட்டு வாரத்துக்கு, அவன் இதுவரை தின்றே இராத இரண்டு பொருள் மட்டும்தான் கொடுக்க வேண்டும், வேறு ஒரு பருக்கை கூடாது என்றாள் டாக்டர். அப்படி யோசித்து எடுத்தது மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும். உப்பில்லை, எண்ணெயில்லை. அவன் சொறிகிற நாளையெல்லாம் காலண்டரில் குறித்து வைக்கவும் சொன்னாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. என் பிள்ளைகள் நேற்று வைத்த குழம்பை இன்று தொடமாட்டார்கள். இவனோ அதே கிழங்கை, அதே மீனை, ஒவ்வொரு வேளையும் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பார்ப்பது போல உடம்பெல்லாம் குலுங்க வந்து தின்றான். ஒரு நாளாவது முகம் சுளிக்க வேண்டுமே! அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பேன்.

நாலு வாரம் போனது. வயிற்றில் பஞ்சு மாதிரி முடி எட்டிப் பார்த்தது. ஆனாலும் சொறிவது விட்டபாடில்லை. ஒரு நாள் காபியோடு காலண்டர் முன்னால் உட்கார்ந்தேன். நான் போட்ட கோடுகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையிலும் திங்கட்கிழமையிலும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. மற்ற நாட்கள் வெறுமையாக இருந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாயில்லாத பிராணியின் தோல் கிழமை பார்த்துச் சிவந்திருக்கிறது!

அப்புறம்தான் சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. எங்கள் நாய் மருந்துக்கும் வெள்ளை இல்லாத கறுப்பு. இந்த ஊரில் சனி பிடித்தவர்கள் சனிக்கிழமை கறுப்பு நாய்க்குக் கடுகெண்ணெய் தடவிய ரொட்டி கொடுப்பார்கள். ஜாதகம் பார்க்கும் பண்டிட்ஜி சொன்னார் என்று மாடி வீட்டுக்காரி இரண்டு வருஷமாக வருகிறாள். அவள் பையனுக்கு எந்த வேலையும் நிலைக்கவில்லை. அவள் ஊட்டும்போது நானும் கைகூப்பி நிற்பேன். டாக்டர் கேட்டபோது அது வாயில் வரவே இல்லை. நான் கொடுப்பதுதான் சாப்பாடு, அவள் கொடுப்பது சாமி காரியம் என்றே இருந்துவிட்டேன்.

மருமகளிடம் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஏன் அத்தை, அவனுக்கு அது வேண்டுதல்னு தெரியுமா? கோதுமைன்னுதானே தெரியும்!"

எனக்குப் பயம் பிடித்தது. சனீஸ்வரனை நானும் நம்புகிறவள். தடுத்து, அந்தப் பையனுக்கு ஒன்று ஆனால் பழி என் வாசலுக்கு வரும். விட்டால் நாய் புண்ணாகிப் போகும். சனிக்கிழமை வந்தது. தட்டோடு அவளும் வந்தாள்.

"மகளே, இனிமே ரொட்டி வேண்டாம்" என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில்.

"அரே அம்மாஜி! பையனுக்குத் திங்கட்கிழமை இன்டர்வியூ. இன்னைக்குப் போய் நிறுத்தச் சொல்றீங்களே!"

தட்டைப் பார்த்த சந்தோஷத்தில் எங்கள் நாய் மல்லாந்து படுத்துவிட்டது. அவள் அந்த வயிற்றைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "இது என் ரொட்டியாலயா?"

"ரொட்டி உன்னது. கதவைத் திறந்தது நான். டாக்டர்கிட்ட சொல்லாததும் நான்" என்றேன். தப்பு என்னுடையது என்று நான் சொல்லி என் பிள்ளைகளே கேட்டதில்லை.

தட்டோடு மாடி ஏறிப் போனாள். பையனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை என்று வாட்ச்மேன் சொன்னான். அடுத்த சனிக்கிழமை மணி அடித்தது. அவள்தான். தட்டில் வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு.

"பண்டிட்ஜிகிட்ட கேட்டியா?"

"கேக்கல. நாய்க்குக் கொடுன்னாரு. கொடுத்தா அது நல்லா இருக்க வேண்டாமா?"

நாற்பது வருஷம் கோயில் சுற்றிய எனக்கு இது தோன்றவில்லை.

எட்டு வாரத்தை முதலிலிருந்து எண்ணச் சொன்னாள் டாக்டர். எண்ணினோம். ஒரு கோடுகூட விழவில்லை, வயிறு மூடி முடி வளர்ந்தது. அப்புறம் அவள் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு தடவை ரொட்டி கொடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

"ஆறின புண்ணைக் கீறச் சொல்றியா?"

"ஆன்ட்டிஜி, சரியாத் தெரியாம ஆயுசு முழுக்க ஒண்ணைத் தடுக்கக் கூடாதில்லையா?"

செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து, என் தவாவில் சுட்டு, எண்ணெய் தடவாமல், பாதி ரொட்டியை என் கையாலேயே கொடுத்தேன். மாடி வீட்டுக்காரி பக்கத்தில் நின்றாள். புதன் மத்தியானம் அவன் காலைக் கடிக்க ஆரம்பித்தான், காது சிவந்தது. சனிக்கு இதில் பங்கில்லை என்று இரண்டு பேரும் கண்ணால் பார்த்தோம். கடித்துக்கொண்டிருந்தவன் எழுந்து வந்து, ரொட்டி கொடுத்த அந்தக் கையிலேயே தாடையை வைத்துப் படுத்தான். ஒன்பது பேருக்கு ஊட்டிய கை. அன்றைக்கு அதை அசைக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

கோதுமை நின்றது, பத்து நாளில் ஆறிவிட்டான். இன்றைக்குச் சனிக்கிழமை, அவள் கிழங்கோடு வருகிற நேரம். பேத்தி தமிழ் வாசிப்பாள். கூப்பிட்டு, எழுதிய இந்தத் தாள்களைக் கையில் கொடுத்துச் சொன்னேன்: "கண்ணு, அவ வந்ததும் இதைச் சத்தமாப் படிச்சு, வரிக்கு வரி இந்தியில சொல்லு. தப்பு யாரோடதுன்னு எழுதியிருக்கேன், அது அவளுக்குச் சரியான்னு கேக்கணும்."