தம்பி கை

சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்ட அந்த வருடங்களில்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. கள்ளக்குறிச்சியில் திடீர் திடீரென்று பஸ் நின்றுவிடும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாத்திரக் கடை வைத்திருந்த என் அத்தா, பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். தமிழ் படித்து முடித்துவிட்டு நான் வீட்டில் சும்மா இருந்தேன்.

வேலை கொடுத்தவர் வெளியூர் மருத்துவக் கல்லூரியில் இருந்த ஒரு டாக்டரம்மா. வாதம் அடித்துப் பிழைத்தவர்கள் அதன் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று விசாரிக்க அவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வித்தாள் இருந்தது. அதை நான் தமிழில் எழுத வேண்டும். மூலத்தைப் பார்க்காத வேறொருவர் என் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். அர்த்தம் பிசகவில்லை என்றால் ஊர் ஊராகப் போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து அதே ஆளிடம் அதே கேள்விகளை மறுபடியும் கேட்க வேண்டும். அதற்குள் நோயில் மாற்றம் இல்லையென்றால் பதில்களும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத கேள்வி நம்பத்தகாதது.

முதலில் நான் எழுதியது பாடப்புத்தகத் தமிழ். ‘பக்கவாதத்திற்குப் பின் தங்கள் இடக்கரத்தின் செயல்திறன் எவ்வாறுள்ளது’ என்று வடக்கனந்தலில் ஓர் அம்மாவிடம் வாசித்தபோது, அவர் என்னைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்தார். அங்கே யாருக்கும் பக்கவாதம் வருவதில்லை. ‘கை கால் வுழுந்துட்டுது’ என்பார்கள். வீட்டுக்கு வந்து அத்தனையையும் அடித்துவிட்டு எழுதினேன். எடது கையால டம்ளர் புடிச்சித் தண்ணி குடிக்க முடியுதா? போன வாரத்துல மனசு கஷ்டமா இருந்துச்சா? கேள்விகள் கேள்விகளானது அப்போதுதான்.

கல்வராயன் மலை தொடங்குகிற அடிவாரத்தில் ஒரு கூலிக் குடியிருப்பு. கல்லூரி ஜீப்பில் போனோம். நாங்கள் பார்க்கப் போனவருக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். மரம் அறுக்கிறவர். அவரும் அவர் தம்பியும் ஒரே ரம்பத்தின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்துக் கூலிக்கு அறுத்துக்கொண்டிருந்தார்கள். சாலை மறியலுக்கு ஊரே போனபோது இவர்களும் போனார்கள். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போக வேண்டும் என்ற நினைப்பு எல்லோருக்கும் இருந்தது. அவர்கள் அறுத்த புளியமரம் எதிர்பார்த்த பக்கம் விழாமல் திரும்பித் தம்பி மேல் விழுந்தது; அவன் அங்கேயே இறந்துபோனான். சில மாதம் கழித்து அண்ணனுக்குக் கையும் காலும் விழுந்தன. இதையெல்லாம் அவர் மனைவி வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டார். உள்ளே போய்த் தம்பியைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அவர் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். இடது கை தனியாக ஒரு மடித்த துண்டின் மேல் வைக்கப்பட்டிருந்தது, தூங்குகிற குழந்தையைக் கிடத்தியதுபோல. பேச்சு தெளிவாக இருந்தது. பெயர், ஊர், வேலை எல்லாம் சரியாகச் சொன்னார். நான் டம்ளர் கேள்வியைக் கேட்டேன்.

“எந்தக் கை?”

டாக்டரம்மா அந்தக் கையை மெல்லத் தூக்கி அவர் கண்ணுக்கு முன்னால் காட்டி, இது யாருடையது என்று கேட்டார்.

“இதுவா? இது எந் தம்பி கைங்க. அவன்தான் குடிக்கணும்.”

நான் தாளிலிருந்து தலையைத் தூக்கினேன். டாக்டரம்மா முகம் மாறவில்லை. மேலே கேட்கச் சொல்லிச் சாடை காட்டினார். போன வாரத்தில் மனசு கஷ்டமாக இருந்ததா என்று கேட்டேன்.

“இன்னாத்துக்குக் கஷ்டம்? அவன் கூடவேதான் கீறான்.”

கடைசிக் கேள்வி முடிவதற்குள் ஒரு பெண் கிண்ணத்தில் எண்ணெய் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தாள். தம்பி மனைவி. அந்தப் பக்கத்தில் கணவனின் அண்ணனைத் தொடுவது இருக்கட்டும், எதிரில் நிற்கக்கூட மாட்டார்கள். அவள் கட்டிலின் இடது பக்கம் தரையில் உட்கார்ந்து, அந்தக் கையை மடியில் எடுத்து வைத்து, விரல் விரலாக எண்ணெய் தேய்த்தாள். முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. அவரும் வலது பக்கம் திரும்பிக்கொண்டார். மரியாதைக்காகத் திரும்பினாரா, இடது பக்கத்தையே கவனிக்க விடாத நோய் திருப்பியதா, எனக்குத் தெரியவில்லை. அவள் கையோடு தாழ்ந்த குரலில் பேசினாள். சின்னதுக்கு ஜுரம் விட்டுவிட்டது, ஆடு குட்டி போட்டிருக்கிறது, ரெட்டைக் குட்டி.

மூத்தவரின் மனைவி எங்களை வெளியே கூட்டி வந்தார். “நான் தொட்டா வாணான்றாரு. அவ புருசன் கைய நீ தொடாதன்றாரு. நான் இன்னா பண்றது, சொல்லுங்க,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

திரும்பி வருகையில் டாக்டரம்மா விளக்கினார். மூளையின் வலது பக்கம் அடிபட்டால் சிலருக்கு இடது கை தன்னுடையதாகத் தெரியாது, வேறு யாருடையதோ என்பார்கள், பெரும்பாலும் கொஞ்ச நாளில் தெளிந்துவிடும். தெளிந்தால் நல்லதுதானே என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

இரண்டு வாரத்தில் போக முடியவில்லை. மறுபடியும் மரங்கள் விழுந்தன. தியாகதுருகம் பக்கமும் போக்குவரத்து நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். நான் வீட்டில் அடைந்து கிடந்தேன். ஒருநாள் விடிகாலையில் கண் விழித்தபோது, இடது கை மேல் படுத்திருந்ததால் அது மரத்துப்போயிருந்தது. வலது கையால் தொட்டேன். குளிர்ந்து, கனத்து, யாரோ பக்கத்தில் வைத்துவிட்டுப் போனதுபோல் கிடந்தது. ரத்தம் ஓடிச் சுறுசுறுவென்று உயிர் வரும்வரை அதைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனிக் கேட்டுப் பயனில்லை, கணக்கில் சேராது என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா கிளம்பினார். நானும் போனேன்.

அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். துண்டு இல்லை. இடது கை அவர் தொடைமேல் இருந்தது. டம்ளர் பிடிக்க முடிகிறதா என்று கேட்டதற்கு, “கொஞ்சம் தூக்கறேங்க. நிக்க மாட்டேங்குது, எங் கை,” என்றார்.

எங் கை என்று அவர் சொன்னதும் நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். மனசு கஷ்டக் கேள்வியை வாசித்தேன்.

“தம்பி பூட்டாம்மா,” என்றார். “இப்பத்தான் தெரிது.”

வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். நான் மிச்சக் கேள்விகளைக் கேட்கவில்லை. டாக்டரம்மாவும் கேட்கச் சொல்லவில்லை.

நடந்ததை அவர் மனைவி சொன்னார். ஒரு காலையில் தம்பி மனைவி வழக்கம்போல் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் திரும்பிப் பார்த்தாராம். முதல்முறையாக அவளை நேராகப் பார்த்து, “வுட்ரும்மா, இது எங் கை,” என்றாராம். அவள் சேலைத் தலைப்பால் விரல்களைத் துடைத்துவிட்டு, கையை மெல்லக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்திருக்கிறாள். பிறகு வீட்டில் எழுந்த அழுகை, பிணத்தை எடுத்த அன்றைக்கு எழுந்ததைவிடப் பெரிதாக இருந்ததாம். அக்கம்பக்கத்தார் யாருக்கு என்னவோ என்று ஓடி வந்திருக்கிறார்கள். அந்த வாரமே அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜீப்பில் டாக்டரம்மா சொன்னார்: “நோயைப் பார்த்தா குணமாயிட்டே வர்றார். தாளைப் பார்த்தா மோசமாயிட்டார்.” மரம் அறுக்கிறவருடைய தாள் கணக்கில் சேரவில்லை. கேள்விகள் மற்றவர்களிடம் ஒத்துப்போயின. அச்சாகிப் பல ஊர்களுக்குப் போயின.

வெகுநாள் கழித்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தம்பி மனைவியைப் பார்த்தேன். அவள்தான் என்னை அடையாளம் கண்டு வந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றாள். கொஞ்சம் தயங்கி, “நீங்க அந்தப் பக்கம் போனீங்களா?” என்று கேட்டாள். போன மாதம் போயிருந்தேன் என்றேன். மூத்தவரைப் பற்றிக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“அந்தக் கை இப்ப எப்டி கீதுங்க?”

டம்ளரைப் பிடிக்கிறது, ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுகிறது என்றேன். விரல் நீளுதா என்றாள். நீள்கிறது என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, கூட்டத்தோடு நெருக்கி அவள் பஸ்ஸில் ஏறினாள்.